விற்காத ஐந்து வருஷம்

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கிறது. இரண்டாம் மாடிக்காரர் அசோசியேஷன் கூட்டத்தில் மல்லுக்கட்டி, தனி சப்-மீட்டர் வைத்து வாங்கியது. ராத்திரி தன் மின் ஸ்கூட்டரை அதில் மாட்டிவிட்டு, "அண்ணே, எண்பது ஆனதும் கழட்டிடுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு மாடி ஏறுவார். ஒருநாள் வாட்ச்மேன் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், முழுசா ஏத்தினா என்ன? கரண்ட்டு காசு அவ்ளோவா ஆவுது?"

காசு ஆகாது. ஸ்கூட்டர் பேட்டரி நிரம்ப மூன்று நான்கு யூனிட் போதும். சங்கதி செல்லுக்குள் இருக்கிறது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. தி. நகர் பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாற்பது பேர் ஏறுவது தெரியவே தெரியாது. கடைசிப் பத்துப் பேர் ஏறத்தான் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால், உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஃபுட்போர்டில் தொங்குவார்கள். செல்லிலும் அதே கதைதான். அவசரமாகத் திணித்தால் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம், அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வராது. ஊசி ஊசியாக வளர்ந்தால் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் நல்ல சார்ஜர் கடைசிக் கட்டத்தில் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. முழுக்க நிரம்பிய செல்லை அப்படியே வெயிலில் நிறுத்துவது இன்னும் மோசம். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேண்டாத வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. மே மாத மத்தியானத்தில் பனகல் பார்க் ஓரம் நிறுத்திய வண்டியின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

ஐரோப்பியக் குளிருக்கென யோசித்த பேட்டரியை இந்த ஊரில் அப்படியே ஓட்ட முடியாது. அடையாற்றை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் என்ஜினீயரிங் டிசைன் படித்து 2012-ல் வெளியே வந்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் முதலில் செய்ய நினைத்தது பேட்டரி பேக்தான். அப்போது சந்தையில் இருந்த மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை லெட்-ஆசிட் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஊர்ந்தன. அந்த வண்டிகளில் நல்ல பேட்டரியைப் போட்டாலும் பயனில்லை, வண்டியையே புதிதாகச் செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2013-ல் ஏத்தர் எனர்ஜி பிறந்தது. ஸ்கூட்டர் கம்பெனியின் பெயரில் 'எனர்ஜி' ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பேட்டரிப் பூர்வீகம்தான் காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பணம் சின்னது. மத்திய அரசின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம், ஐஐடி, ஒரு முன்னாள் மாணவர் என்று சேர்ந்து 2014-ல் 45 லட்சம் ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில் ஃப்ளிப்கார்ட் நிறுவனர்களிடமிருந்து 10 லட்சம் டாலர். 2015-ல் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர். 2016-ல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய். முதல் வண்டி விற்பனைக்கு வந்தது 2018 ஜூனில். அதுவரை ஒரு ஸ்கூட்டர்கூட விற்கவில்லை. அண்ணாச்சி கடைக் கணக்கில் இதற்குப் பெயர் பைத்தியக்காரத்தனம்.

ஐந்து வருஷம் என்னதான் செய்தார்கள்? வாங்குபவர் கண்ணில் படாத வேலைதான் அதிகம். ஒரு லித்தியம் செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். 14 செல்லைத் தொடராக இணைத்தால்தான் 50 வோல்ட் கிடைக்கும். தொடரில் ஒரு செல் சோர்ந்தால் மொத்த வரிசையும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். ஒவ்வொரு செல்லின் அழுத்தத்தையும் சூட்டையும் ஓயாமல் பார்த்து, முந்திக்கொண்டு நிரம்பியதிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை மின்தடை வழியே கசியவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் ஒரு சர்க்யூட் பலகை உண்டு. பேட்டரி மேலாண்மை அமைப்பு என்று நீட்டிச் சொல்வார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு அது பிஎம்எஸ். பேட்டரிக் கம்பெனியின் புத்தி முழுவதும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. ஷோரூமில் அதை யாரும் திறந்து காட்ட மாட்டார்கள்.

உழைப்பின் பலன் வெளியே தெரிவது வாரண்டி அட்டையில். எட்டு வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர், அதுவரை பேட்டரியின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று இன்று ஏத்தர் (கூடுதல் கட்டணத் திட்டமாகத்தான்) எழுதிக் கொடுக்கிறது. செல் எப்படிக் கிழடாகிறது என்ற தரவு கையில் இல்லாதவர் இதில் கையெழுத்துப் போட முடியாது.

ஏத்தர் முளைத்த சூழல் புரிய, தரமணியில் இருக்கும் ஐஐடி ரிசர்ச் பார்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்த இடம். அங்கே வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியோடு கூட்டு ஆராய்ச்சி, காப்புரிமை, மாணவர்களுக்குப் பயிற்சி, ஊழியர்களை மேல்படிப்பில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் உண்டு. நிறுவனங்கள் அதைச் சேர்த்துக் காட்ட வேண்டும். நல்ல விலாசத்துக்காக மட்டும் ஆபீஸ் போடுகிறவர்களை வடிகட்ட இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஏத்தர் பிறகு பெங்களூருக்குப் பெயர்ந்தது. தொழிற்சாலை மட்டும் எல்லைக்கு இப்பால், ஓசூரில். ஆராய்ச்சிச் செலவு குறையவில்லை. 2023-24 நிதியாண்டில் மொத்த வருவாயில் சுமார் 13 சதவீதம் அதற்கே போனது. அதே ஆண்டு நஷ்டம் 1,059 கோடி ரூபாய் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் நியாயம். 2025-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, திரட்டும் பணத்தில் 750 கோடியை ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த வெளியீட்டில் பங்கு விற்றவர்களின் பட்டியலில் ஐஐடி சென்னையின் இரண்டு தொழில் காப்பகங்களும் இருந்தன. மரத்தடியில் போட்ட விதைக்கு வளாகமே பங்குதாரர்!

எனக்குப் பிடித்தது, அவர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளாத ஒன்று. இலகுரக வண்டிகளுக்கென்று அவர்கள் வடிவமைத்த சார்ஜிங் கனெக்டரில், வீட்டு ஏசி மின்சாரமும் ரோட்டோர வேக சார்ஜரின் டிசி மின்சாரமும் ஒரே முனை வழியாக ஏறும். அதை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2023-ல் இந்திய தர நிர்ணய அமைவனம் அதை ஒரு தரமாக ஏற்றுக்கொண்டது. ஹீரோவின் விடா வண்டிகளிலும் அதே முனைதான். இதில் தர்ம சிந்தனை எவ்வளவு, வியாபாரப் புத்தி எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஊரெங்கும் ஒரே சாக்கெட் இருந்தால் எல்லாருக்கும் வண்டி விற்கும்.

இத்தனைக்கும் நடுவில் செல் மட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பேக், பலகை, மென்பொருள் எல்லாம் இங்கே. உள்ளே இருக்கும் ரசாயனம் அங்கே. மின்வேதியியலுக்கு நம்மிடம் ஆய்வுக்கூடம் இல்லாமலும் இல்லை. ஜவுளி ஆலை நடத்திய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி காரைக்குடியில் இருக்கிறது. அதன் சென்னைக் கிளை ரிசர்ச் பார்க் இருக்கும் அதே தரமணியில்தான். லித்தியம் செல்லை இங்கேயே செய்து பார்க்கும் வேலை அங்கேயும் நடக்கிறது.

வாட்ச்மேனுக்கு பஸ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப சுத்தமா காலி பண்ணியும் வைக்கக் கூடாது, அதானே சார்?" என்றார். அதுவும் கூடாதுதான்.