தயிர்க் கோப்பையில் இல்லாத எழுத்து

சிங்கப்பூரின் தோ பாயோ நகர மையத்தைச் சுற்றியுள்ள பேரங்காடிகளின் குளிர்பதனப் பகுதியில், உடல்நலத்துக்கு உகந்த சிற்றுண்டி என்ற பெயரில் விற்கப்படும் யோகர்ட், குடிக்கும் பானமாகவும் கரண்டியால் எடுத்து உண்ணும் கெட்டித் தயிராகவும் அருகருகே வைக்கப்பட்டிருக்கிறது. 2022 டிசம்பர் 30 அன்று சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த நியூட்ரி-கிரேட் விதி, பானங்களின் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் கணக்கிட்டு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கிறது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமுக்கு மேற்பட்டால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. இவ்விரு தரங்களையும் உறையின் முகப்பில் காட்டியாக வேண்டும் என்பதோடு, ‘டி’ பானத்தை விற்பனை இடத்துக்கு வெளியே விளம்பரப்படுத்தவும் தடை உண்டு. யோகர்ட் பானம் இவ்விதிக்குக் கட்டுப்பட்டது; கோப்பைத் தயிர் பானம் அன்று என்பதால், அதில் எவ்வளவு சர்க்கரை கலந்திருந்தாலும் அந்த எழுத்து இடம்பெறுவதில்லை.

ஆகவே அந்தக் கணக்கை வாங்குபவரே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதுவும் சேர்க்காத தயிரிலும் பாலுக்கே உரிய லாக்டோஸ் என்னும் சர்க்கரை 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. பழச்சுவையூட்டிய 150 கிராம் கோப்பை ஒன்றின் பின்புறத்தில், 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொண்டால், கோப்பை முழுவதிலும் 18 கிராம் ஆகிறது. அதில் பாலின் பங்காக ஏழு கிராமைக் கழித்தாலும், வெளியிலிருந்து சேர்ந்தது 11 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்றே குறைவு. பானங்களுக்கான அளவுகோலை இதற்குப் பொருத்தினால், பாலின் சர்க்கரையை விட்டுவிட்ட பிறகும் இது ‘சி’ தரத்திலேயே நிற்கும். பொருள்களின் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் அமைவதால், பழத்துக்கு முன்பாகச் சர்க்கரை வந்திருந்தால் எது அதிகம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விளம்பரங்கள் சர்க்கரையைப் பேசுவதில்லை, நுண்ணுயிர்களையே பேசுகின்றன. 1908இல் நோபெல் பரிசு பெற்ற இலியா மெச்னிக்கோவ், பல்கேரியக் கிராமத்தாரின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று கருதியதிலிருந்து இந்தப் பேச்சு வளர்ந்தது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் எனப்படுகின்றன. ஒரு வகை நுண்ணுயிரின் நன்மையை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்ல இயலாது என்பதும், புளித்த பின் சூடேற்றப்பட்ட தயிரில் அவை உயிரோடு இருப்பதில்லை என்பதும் விளம்பரத்தில் விடுபட்டுப் போகின்றன. அமெரிக்காவில் டானன் நிறுவனம், தன் தயிர் மலச்சிக்கலைத் தணிக்கும், தன் பானம் சளிக்காய்ச்சலைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்து, மிகைப்படுத்தியதாக எழுந்த வழக்கில் 2010இல் 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

உறுதியாக நிறுவப்பட்ட நன்மை இதைவிட எளியது. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ள தயிர், லாக்டோஸ் எளிதில் செரிக்காதவர்களுக்கு அச்சர்க்கரையைச் செரிக்க உதவுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. பால் குடித்தால் வயிறு உப்பும் பலர் வாழும் இந்நகரில் இது சிறிய உதவி அன்று. 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வாரத்துக்கு இரண்டு கப் தயிர் இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்ற வாசகத்துக்கு இடமளித்தது. எனினும், அதற்கான சான்று வரம்புக்குட்பட்டது என்று சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதும் நிபந்தனையாகும்.

இவற்றில் எதற்கும் இனிப்பு தேவைப்படவில்லை. காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலில் ஒரு கரண்டி தயிரை உறை ஊற்றி மூடிவைத்தால், தோ பாயோவின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை வெப்பத்திலேயே அது சில மணி நேரத்தில் தோய்ந்துவிடும். மேலும் வெளியே விட்டால் விரைவில் புளித்துவிடும் என்பதால், தோய்ந்ததும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது வழக்கம். இத்தயிரில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் வெள்ளரிக்காயும் உப்பும் கலந்தோ, பப்பாளித் துண்டுகளோடோ மாலையில் உண்ணும்போது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்த சர்க்கரை இல்லாமலே கிடைக்கின்றன. தோய்க்க நேரமில்லாதவர்களுக்கு, தேக்கா சந்தையிலும் பேரங்காடிகளிலும் விற்கும் சுவையூட்டப்படாத தயிர் இதே பயனைத் தரும்.

1973இல் விலைவாசி ஏற்றத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்களைக் காக்க, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசி தன் முதல் பேரங்காடியைத் திறந்தது தோ பாயோவில்தான். அன்று விலையில் தேவைப்பட்ட காப்பு இன்று உறையின் முகப்பிலும் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியரிடையே கூடுதலாகக் காணப்படுவதால் இது தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. 2027 நடுப்பகுதிக்குள் நியூட்ரி-கிரேட் விதியை உப்பு, சுவைச்சாறுகள், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு விரிவுபடுத்த அரசு அறிவித்திருக்கும் நிலையில், குழந்தைகளின் கைக்கு நலம் என்ற பெயரில் போய்ச்சேரும் இனிப்புத் தயிர்க் கோப்பைகளையும் அப்பட்டியலில் சேர்ப்பது அவசியம்.