குளத்து மீனும் கமக்காரர் கடமையும்

நெற்செய்கைக்கு நீர் தேக்குவதற்காகவே நம் முன்னோர் குளங்களைக் கட்டினர். இலங்கையின் வறண்ட வலயத்தில் 10,000 க்கு மேற்பட்ட சிறு குளங்களும், இரணைமடு, பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களும் உள. வயலுக்குப் பாயும் அதே நீரில் மீனும் வளர்கின்றது. கடலுக்குத் தொலைவில் வாழும் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் புதிய மீனை அளிப்பன இக்குளங்களே. இவ்வுணவு நிலைத்திருப்பது வலை வீசுவோரை மட்டும் பொறுத்ததன்று. நீரைத் திறப்போரும் வயலுக்கு மருந்து தெளிப்போருமாகிய கமக்காரரையும் பொறுத்ததாகும்.

ஆராய்ச்சி காட்டிய உண்மைகள்

நம் நாட்டிலே பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. ஆதலால் சுதேச நன்னீர் மீன்களிற் பல ஆற்றிலும் ஓடையிலும் வாழ்வதற்கே இயைந்தவை. 1952 இல் திலாப்பியா கொண்டுவரப்பட்ட பின்னரே பெருங்குளங்களின் மீன் விளைவு பெரிதும் உயர்ந்தது. இம்மீன் பெரும்பாலும் பாசியையும் அழுகிய தாவரப் பொருளையும் உண்டு வளர்வது.

திலாப்பியாவின் ஆண் மீன் அலைகரையின் ஆழமற்ற நீரிற் குழி பறித்துக் கூடமைக்கும். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காத்துக் குஞ்சாக்கும். எனவே துருசைத் திறந்து குளத்து நீரைத் திடீரெனப் பெருமளவு இறக்கினால் கூடுகள் தரையிற்பட்டு வீணாகும். சிறிது சிறிதாகவும் முறையாகவும் நீர் விடுவதால் பயிருக்கும் கேடில்லை, மீனுக்கும் கேடில்லை.

மாரியில் நிரம்பி ஆவணி, புரட்டாதியில் வற்றும் சிறு குளங்களிலும் மீன் வளர்க்கலாம். கட்லா, ரோகு, மிரிகால் போன்ற கெண்டையினங்கள் இக்குளங்களில் இனம் பெருக்குவதில்லை. ஆகையால் உடவளவை, தம்புள்ளை முதலிய இடங்களிலுள்ள இனவிருத்தி நிலையங்களில் ஓமோன் ஊசி ஏற்றி முட்டையிடச் செய்து குஞ்சுகளைப் பெறுகின்றனர். குளம் நிரம்பியதும் விடப்படும் குஞ்சுகள், நீர் வற்றுமுன் பிடிக்கத்தக்க பருமனை அடைந்துவிடும்.

சங்கமே காவல்

1990 இல் அரசாங்கம் உண்ணாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. 1994 இலேயே அது மீண்டும் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே குஞ்சு விடுதல் தடைப்பட்டது. மேற்பார்வை இல்லாத குளங்களிற் சிறுகண் வலைகளும் பெருகின. பெருத்து இனம் பெருக்க வேண்டிய மீன் குஞ்சாகவே கரையேறியது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது.

உத்தியோகத்தர் நாள்தோறும் குளக்கட்டில் நிற்றல் இயலாது. குளத்தைக் காக்க வல்லது அக்குளத்து மீன்பிடிச் சங்கமே. கண்ணை இழுத்தளக்கும்போது 8.5 சதமமீற்றருக்குக் குறைந்த வலையை விலக்குதல், நஞ்சும் வெடியும் இட்டு மீன் பிடிப்போரைத் தடுத்தல், நாளாந்தம் பிடிபட்ட மீனின் நிறையைக் குறித்துவைத்தல் ஆகியன அதன் முதற் கடமைகள். அக்குறிப்பேடே ஆராய்ச்சியாளருக்கு அடிப்படையாகும். மீன் குறைகின்றதா, கூடுகின்றதா என்பதை ஊரவருக்கும் அதுவே காட்டும். சிறு குளங்களிற் கமக்கார அமைப்பே இப்பணியை ஏற்று, வருவாயில் ஒரு பங்கைக் குளக்கட்டுத் திருத்தத்துக்கு ஒதுக்கலாம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

ஒரு குளத்தின் வயல்களிலிருந்து வடியும் நீர் அடுத்த குளத்தைச் சேர்வதே வறண்ட வலயத்துக் குளத்தொடர்களின் அமைப்பு. மேலே தெளித்த மருந்து கீழேயுள்ள குளத்து மீனைக் கொல்லும். மீனுக்குக் கொடிய நஞ்சாகிய எண்டோசல்பான் 1998 இல் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டது. ஆயினும் பைரத்திரொயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனை மாய்க்கும். ஆகவே,

1. பீடையின் அளவைப் பார்த்தறிந்த பின்னரே, தேவைக்கு மட்டும் மருந்து தெளிக்க வேண்டும்.

2. தெளித்தபின் சில நாட்களுக்குக் கடவைகளை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்த வேண்டும்.

3. தெளிகருவியையும் மருந்துப் போத்தல்களையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.

4. துருசு திறக்கும் நாளையும் அளவையும் கூட்டத்தில் முடிவு செய்யும்போது மீன்பிடிச் சங்கத்தாரையும் அழைக்க வேண்டும்.

5. வளர்ப்புத் தொட்டியிலுள்ள அந்நிய மீன்களைக் குளத்தில் விடலாகாது. தொட்டித் துப்புரவு மீன் எனப்படும் இனம் இவ்வாறு பரவிச் சில நீர்த்தேக்கங்களில் வலைகளுக்குச் சேதம் விளைத்து வருகின்றது.

மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மரக்கறி செய்வோருக்கும் இதிற் பங்குண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் மீனினங்கள் 50 க்கு மேற்பட்டவை இலங்கையில் உள. அவற்றுட் பெரும்பாலானவை ஈரவலயத்து ஓடைகளுக்கு உரியவை. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடைக்கு அருகில், பயிர்நிலங்களினூடாக ஓடும் ஒரு சிற்றோடையிலிருந்தே பந்துல கெண்டை என்னும் சிறுமீன் அறியப்பட்டு, 1991 இல் விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டது. அழியும் தறுவாயிலுள்ள இம்மீனின் வாழ்வு, அவ்வோடைக் கரையிற் பயிர் செய்வோரின் கையிலேயே இருக்கின்றது. ஓடைக்கரையின் மரஞ்செடிகளை வெட்டாது விடுதலும், சரிவில் மண் அரிக்காது காத்தலும், நஞ்சு கலவாது தடுத்தலும் போதும். நிழலும் தெளிந்த நீருமே அம்மீன்களுக்கு வேண்டுவன.

நெல்லை விளைவிக்கும் நீரே மீனையும் விளைவிக்கின்றது. குளத்தைக் கெடுக்காது இவ்விரு விளைவையும் பெறுதல் கமக்காரரும் மீன்பிடிச் சங்கத்தாரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க காரியமாகும். அடுத்த போகத்துக் கூட்டத்திலேயே இதனைத் தொடங்குக.