கார் ஷெட்டுக்குள் ஒரு குட்டி வீடு! கலிஃபோர்னியாவில் அம்மா அப்பாவுக்குத் தயாராகும் 400 சதுர அடி

ஹெச்.பி கம்பெனி பிறந்த கார் ஷெட், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 1938-ல் அந்த இடத்தை வாடகைக்கு எடுத்த டேவிட் பேக்கார்டும் மனைவியும் தரைத்தள போர்ஷனில் குடியிருந்தார்கள். வேலை நடந்தது கார் ஷெட்டில். பார்ட்னர் பில் ஹியூலெட் படுத்துக்கொண்டது கொல்லைப்புறக் கொட்டகையில்!

இன்று அதே ஊர்ப் பக்கம் கார் ஷெட்டுகளைக் காலி செய்வது கம்பெனி தொடங்க அல்ல, குடியிருக்க. வீட்டு விலை அப்படி. மாடிப்படி ஏற முடியாத பெற்றோருக்கு, ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கும் அம்மாவுக்கு, வேலை கிடைத்தும் தனி வீடு எடுக்க முடியாத மகனுக்கு... இரண்டு கார் நிற்கும் ஷெட் என்றால் சுமார் 400 சதுர அடி. ஒரு கட்டில், சின்ன சமையல் மேடை, பாத்ரூம் மூன்றும் அடங்கிவிடும்.

முன்பு இதற்குப் பெரிய முட்டுக்கட்டை பார்க்கிங்தான். 'ஷெட்டை மாற்றினால் காருக்கு வேறு இடம் காட்டு' என்றன பல நகராட்சிகள். 2020 ஜனவரி முதல் அப்படிக் கேட்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் மாறிவிட்டது. முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் 60 நாள்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால், 500 சதுர அடிக்குள் 'ஜூனியர்' யூனிட்டாகவும் மாற்றலாம். அதற்குத் தனி வாசல் கட்டாயம். பாத்ரூமை மட்டும் பெரிய வீட்டோடு பகிர்ந்துகொள்ளலாம்.

சரி, ஷட்டரைக் கழற்றிச் சுவர் எழுப்பினால் முடிந்ததா? அதுதான் இல்லை. சிக்கலே காலடியில் இருக்கிறது.

கார் கழுவிய தண்ணீர் வெளியே ஓட, ஷெட் தரையை வாசல் பக்கம் சரிவாகத்தான் போடுவார்கள். கட்டில் போட்டால் சாயும். பழைய ஷெட்டுகளில் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் தடுக்கும் ஷீட்கூட இருக்காது. மேலே அழகாக கார்ப்பெட் விரித்தால், மண்ணின் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மூட்டுவலிக்காகக் கீழே வந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு சேர்ந்தால் யாரை நோவது? ஆகவே ஈரத்தடுப்பு ஷீட், அதன்மேல் மட்டம் சரிசெய்த தரை, சுவரிலும் கூரையிலும் வெப்பம் கடத்தாத அடைப்பு என்று போக வேண்டும். தரையை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. உட்கூரை குறைந்தது 7 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்த செலவு பாத்ரூம். கழிவுக் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மெயின் லைன் 40 அடி தள்ளி இருந்தால் 10 அங்குலம் இறங்கியாக வேண்டும். கான்கிரீட்டை வெட்டிப் பள்ளம் தோண்டுவதில் பட்ஜெட் கரையும். லைன் மேலே இருந்தால் பம்ப் வேறு. டைல்ஸ் கலர் தேர்வு செய்யும் முன் இந்த அளவை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. தீப்பிடித்தால் ஏறிக் குதிக்கும் அளவுக்குப் பெரிதாக, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். புகை அலாரமும் கட்டாயம். லாஸ் ஏஞ்சலஸில் அனுமதியில்லாத ஷெட்டுகளுக்குள் குடும்பம் குடும்பமாக மக்கள் வாழ்ந்த காலம் உண்டு. ஜன்னலும் இல்லை, ஷட்டர்தான் ஒரே வழி! அப்படி 2020-க்கு முன் கட்டியவற்றை முறைப்படுத்துவதை, 2025 முதல் ஒரு புதிய சட்டம் எளிதாக்கியிருக்கிறது. பாதுகாப்புக் குறை இருந்தால் அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

இனி, ஷெட்டில் இருந்தவை எங்கே போகும்? கார் தெருவில் நின்றுகொள்ளும். ஹீட்டரும் வாஷிங் மெஷினும்தான் முதலில் இடம் கேட்கும். பரண் போல அடைத்து வைத்த சூட்கேஸ்களுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் சேர்த்தே பிளான் போடுங்கள்.