புல் வெட்டும்போது கண்களைக் காப்போம்

புதிதாகப் பதித்த புல்தரையை, புல் நன்கு வேரூன்றிய பிறகே முதன்முறை வெட்ட வேண்டும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தலாகாது. ஈரம் உலர்ந்தபின் வெட்டுவது நன்று.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கோவையில் புல் துணுக்குகள் எளிதில் கண்ணில் தெறிக்கும். அவை கருவிழியைக் கீறினால் பூஞ்சை தொற்றிப் புண்ணாகலாம்; வலியும் பார்வை மங்கலும் சில நாள்களுக்குப் பின்னரே தோன்றக்கூடும்.

எனவே நாங்கள் வலியுறுத்துவது: வெட்டுபவர் யாராயினும் பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும். துணுக்கு பட்டால் கசக்காமல் தூய நீரால் கழுவுங்கள். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீர்கள். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, பூஞ்சைத் தொற்றை மேலும் தீவிரமாக்கும். உறுத்தலோ சிவப்போ நீங்காவிடில் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதித்தால் பார்வையே பறிபோகலாம்.