செயற்கூறுக்கு வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்போம்

மேல்நிலை வகுப்பில் பைத்தான் படித்துவிட்டுக் கல்லூரிக்குச் செல்லும் நம் மாணவர்களைத் தடுமாற வைக்கும் சொற்களில் இரண்டு, 'டிபெண்டன்சி இன்ஜெக்ஷன்', 'ஃபிரேம்வொர்க்' என்பவை. தமிழில் முதலாவதைச் சார்பு உட்செலுத்தல் என்றும், அடுத்ததைச் சட்டகம் என்றும் சொல்லலாம். பெயர்தான் பெரியது, கருத்து எளியது. நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கும் நான், இதை நம் ஊர்ப் பட்டறைகளைக் காட்டியே விளக்கி வருகிறேன். பிற பாட ஆசிரியர்களுக்கும் இது எளிதில் புரியும்.

ரிக் வண்டியும் கம்ப்ரசரும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு அமைக்கின்றன. பாறையை உடைக்கும் சுத்தியல் அழுத்தக் காற்றால் இயங்குகிறது. அந்தக் காற்றைச் சுத்தியல் தானே உண்டாக்குவதில்லை. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே பெறுகிறது. வேண்டிய அழுத்தத்தில், வேண்டிய அளவு காற்று வந்தால் போதும். கம்ப்ரசர் எந்த நிறுவனத்துடையது என்பது அதற்குத் தேவையில்லை. கம்ப்ரசர் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்.

நிரலிலும் இப்படித்தான். ஒரு செயற்கூறு தன் வேலைக்கு நம்பியிருக்கும் பொருளே அதன் சார்பு. அதைத் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளாமல், அளபுரு வழியாக வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதே சார்பு உட்செலுத்தல்.

இதனால் என்ன பயன்?

பள்ளிக்கு வராத மாணவர்களின் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலை மாணவர்கள் எழுதுவதாகக் கொள்வோம். 'தெரிவி' என்ற செயற்கூறு வராதோர் பட்டியலை மட்டும் பெற்று, குறுஞ்செய்திச் சேவையுடனான இணைப்பைத் தானே உருவாக்குகிறது. பட்டியலில் 4 பெயர்கள். ஆய்வகத்தில் பிழை திருத்த 10 முறை இயக்கினால் 40 செய்திகள் போய்விடும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் தாய், பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தியைப் பார்த்துத் தறியை நிறுத்திவிட்டு ஓடி வருவார். பிள்ளையோ வகுப்பில் இருப்பான்.

இப்போது 'தெரிவி'க்கு இரண்டு அளபுருக்கள் வைப்போம்: ஒன்று பட்டியல், மற்றொன்று அனுப்பி. ஒவ்வொரு பெயருக்கும் 'அனுப்பி'யை அழைப்பது மட்டுமே அதன் வேலை. பைத்தானில் ஒரு செயற்கூறையே மற்றொன்றுக்குச் செயலுருபாகக் கொடுக்கலாம் என்பதால் இது எளிது. ஆய்வகத்தில், செய்தியைத் திரையில் காட்டும் செயற்கூறை 'அனுப்பி'யாகக் கொடுக்கலாம். அல்லது செய்திகளை ஒரு லிஸ்ட்டில் சேர்ப்பதைக் கொடுத்து, 4 செய்திகளும் சரியான பெயர்களுக்குச் சேர்ந்தனவா என்று ஒப்பிடலாம். உண்மையான பயன்பாட்டின்போது குறுஞ்செய்திச் சேவையைக் கொடுக்கலாம். மூன்று இடத்திலும் 'தெரிவி'யில் ஒரு வரிகூட மாறாது.

சேஸும் சட்டகமும்

இனி சட்டகத்துக்கு வருவோம். லாரி நிறுவனத்திலிருந்து எஞ்சினுடன் சேஸ் வருகிறது. நாமக்கல் பட்டறைகளில் அதன்மேல் பாடி கட்டுகிறார்கள். சக்கரம், எஞ்சின், பிரேக் பற்றிய முடிவுகள் முன்பே எடுக்கப்பட்டவை. பாடி கட்டுபவர் அவற்றுக்கு ஏற்பத் தம் வேலையைச் செய்கிறார். மென்பொருளில் சட்டகமும் இத்தகையதே.

நூலகத்துக்கும் சட்டகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லலாம்: நூலகத்தை நம் நிரல் அழைக்கிறது, சட்டகமோ நம் நிரலை அழைக்கிறது. பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் ஒருவர் இணையப் பக்கத்தைக் கேட்கும்போது, நாம் கொடுத்த முகவரிப் பட்டியலைப் பார்த்து உரிய செயற்கூறை ஜாங்கோவே அழைக்கிறது.

ஜாவாவின் ஸ்பிரிங் சட்டகத்தில் இரண்டு கருத்துகளும் இணைகின்றன. ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட நூலின் நிரல்களிலிருந்து வளர்ந்த அதன் முதல் பதிப்பு 2004-இல் வந்தது. டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயர் பரவக் காரணமான மார்ட்டின் ஃபவுலரின் கட்டுரையும் அதே ஆண்டில் வெளியானது. எந்த இனக்குழுவுக்கு எந்தப் பொருள் தேவை என்பதை அறிந்து, ஸ்பிரிங்கே அவற்றை உருவாக்கி, ஆக்கி வழியாகக் கொடுக்கிறது. அளபுரு வழியாகக் கொடுப்பதை முன்பே பழகிய மாணவருக்கு இது மாயமாகத் தோன்றாது.

வகுப்பறையில்

பன்னிரண்டாம் வகுப்பில் எஸ்க்யூலைட் நிரல்களைச் செய்கிறோம். அவற்றில் தரவுத்தள இணைப்பைச் செயற்கூறுக்குள் உருவாக்காமல் அளபுருவாகப் பெறும்படி மாற்றி எழுதச் சொல்லலாம். எஸ்க்யூலைட்டில் கோப்பே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் தரவுத்தளம் உருவாக்க முடியும். பயிற்சியின்போது அதைக் கொடுத்தால், உண்மையான மதிப்பெண் அட்டவணை தவறுதலாக அழியாது.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு எண்களைக் கூட்டும் செயற்கூறுக்கு இது தேவையற்ற சுமை. தரவுத்தளம், இணையச் சேவை, இன்றைய தேதி போன்று இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறுபவற்றுக்கே இது பொருந்தும். 'இந்தச் செயற்கூறில் நாளை எது மாறக்கூடும்?' என்று மாணவரிடம் கேளுங்கள். அவர் எதைச் சுட்டுகிறாரோ, அதுவே அளபுருவாக வேண்டியது.