பெரியம்மாவுக்கு பிசினஸ் கிளாஸா, எகானமியா? - லண்டன் டிக்கெட்டும் ஒரு வாரக் குழப்பமும்!

"எனக்கு எதுக்குடி அவ்ளோ காசு? பிசினஸ் கிளாஸ்ல ஏற, நான் என்ன வியாபாரம் பண்ணவா வர்றேன்?"

லண்டனில் இருக்கும் மகளிடம் பெரியம்மா வாட்ஸ்அப் காலில் கேட்ட கேள்வி இது. அக்காவுக்குப் பிரசவம் நெருங்குகிறது. பெரியம்மாவுக்கு 63 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்னையிலிருந்து நேரடி விமானம் என்றாலே 10 மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். "நீ பத்திரிகையிலதானே இருக்க, பார்த்துச் சொல்லு" என்று அக்கா பொறுப்பை என் தலையில் கட்டினார். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், கால் வைக்கும் இடம். விமான நிறுவனங்கள் ‘சீட் பிட்ச்’ என்று ஓர் அளவு சொல்லும். ஒரு சீட்டின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரைக்குமான தூரம் அது. எகானமியில் பொதுவாக 28 முதல் 32 அங்குலம். சீட்டின் தடிமனும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடுவதால், முழங்காலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பிரீமியம் எகானமியில் இது 38 அங்குலம் வரை போகும். சீட்டும் சற்று அகலம், சாய்மானமும் கூடுதல். ஆனால், படுக்க முடியாது. அக்கா இதை பிசினஸுக்குத் தம்பி என்று நினைத்திருந்தார். இல்லை, எகானமிக்கு அண்ணன்!

பிசினஸில் நீண்ட தூர விமானம் என்றால் சீட்டே கட்டிலாகிவிடும். 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்த வசதி, இன்று பல நிறுவனங்களிலும் இருக்கிறது. கட்டணமோ எகானமியைப்போல பல மடங்கு. இங்கே ஒரு விஷயத்தில் உஷார்... உள்நாட்டு விமானங்களில் ‘பிசினஸ்’ என்பது பெரும்பாலும் அகலமான சாய்வு நாற்காலிதான். நடுவில் விமானம் மாறினால், முதல் விமானத்தில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி இருக்கலாம். பெயரை நம்பாமல் சீட் மேப்பைப் பாருங்கள்.

எமிரேட்ஸின் ஏ380 விமானங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிகளுக்கு ஷவரே உண்டு என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "வானத்துல போய்க் குளிக்கணுமாக்கும்!" என்றார். அந்த வகுப்பு அத்தோடு முடிந்தது.

அக்காவின் உண்மையான பயம் வேறு. "அம்மா கால்ல ரத்தம் கட்டிக்கிட்டா?" இதற்கு ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. பெயர்தான் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனாலும், சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. காரணம், அசையாமல் உட்கார்ந்திருப்பது. பிசினஸில் அசையாமல் கிடந்தாலும், பஸ்ஸிலோ காரிலோ போனாலும் வரலாம். எனவே, அடிக்கடி எழுந்து நடக்க வசதியாக நடைபாதை ஓர சீட். சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கேபினுக்குள் காற்றழுத்தம் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல! வீல்சேர் உதவியும் அப்படித்தான், எகானமி பயணியும் கேட்கலாம். டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

நாங்கள் கோட்டைவிடப் பார்த்தது வகுப்பில் அல்ல, டிக்கெட் விதியில். எகானமிக்குள்ளேயே பல கட்டணங்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள்கூட வெவ்வேறு விதிகளில் பயணிக்கலாம். மிக மலிவானதை ரத்து செய்தால் பணம் வராது, தேதி மாற்றினால் அபராதம். குழந்தை எந்தத் தேதியில் பிறக்கும், பெரியம்மா எப்போது திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? நான் முதலில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது தேதியே மாற்ற முடியாத டிக்கெட்! அக்கா கார்டு நம்பர் தட்டும் நேரத்தில்தான் கவனித்தேன்.

கடைசியில், தேதி மாற்றக்கூடிய பிரீமியம் எகானமி, நடைபாதை ஓர சீட், வீல்சேர் என்று முடிவானது. "எல்லாம் சரி, புளிக்காய்ச்சல் டப்பாவைக் கைப்பையில வெச்சுக்கலாமா?" என்றார் பெரியம்மா. 100 மில்லிக்கு மேல் திரவமோ, கூழ்போன்ற பொருளோ கைப்பையில் போகாது, எந்த வகுப்பானாலும். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும் என்றேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்லயும் விடமாட்டானா?"

விடமாட்டார்கள், பெரியம்மா!