உப்புப் பார்க்காத தளிகை

பெருமாளுக்குத் தளிகை செய்கிற பரிசாரகர் உப்புப் பார்ப்பதில்லை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது இருக்கட்டும், கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து வாசனை பிடிப்பதுகூட அபசாரம் என்று கருதி, வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்கிற சம்பிரதாயம் நம் கோயில் மடைப்பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்தில், அத்திகிரியின் மேல் எழுந்தருளியிருக்கும் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிரசாதத்துக்காகக் கை நீட்டி நிற்கிற ஜனங்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறார்களோ! அவர்கள் கையில் விழுகிற அந்த இட்லித் துண்டு, பெருமாள் அமுது செய்கிற வரையில் அதைச் செய்தவரின் நாக்கே அறியாத பண்டம்.

சென்ற தை மாதம் என் தமக்கையின் மகன், தன் தங்கையின் கலியாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுப்பதற்காக மனைவியோடு இங்கே வந்திருந்தான். அமெரிக்காவில் உத்தியோகம். காந்தி ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கிய களைப்புத் தீர, கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, தாங்கள் இருவரும் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்த கதையை ஆரம்பித்தான். "மாமா, அங்கே எங்களுக்கென்றே ஒரு சமையல்காரர். காலையில் வந்து, இன்றைக்கு என்ன சாப்பிடப் பிரியம் என்று கேட்பார். நாங்கள் ரெண்டு பேர், அவர் ஒருத்தர், எதிரே சமுத்திரம். அவ்வளவுதான்" என்றான். அவன் முகத்தில் இருந்த பரவசத்தைக் கண்டு எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

அவன் விவரித்ததையும் நான் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சொன்னால், அந்தத் தீவுகளின் உல்லாச விடுதிகளில் சாப்பாடு இரண்டு விதமாக நடக்கிறது. விடுதிக்குள்ளேயே நாலைந்து போஜனசாலைகள் இருக்கும். முன்கூட்டியே மேஜைக்குச் சொல்லிவைத்து, மாலையானால் அதற்கென்று உடை உடுத்திப் போய், கடற்கரை மணலில் விளக்கேற்றி வைத்த மேஜையின் முன் உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று. அதைவிடச் செலவு மிகுந்த மற்றொன்று, தங்கியிருக்கும் மாளிகைக்கே சமையல்காரரை வரவழைத்துக்கொள்வது. அவர் முந்தின நாளே வந்து எது பிடிக்கும், எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று விசாரித்து, தாமே சந்தைக்குப் போய் மீனும் காய்கனியும் பொறுக்கி எடுத்து, உங்கள் அடுக்களையிலேயே சமைத்து, ஒவ்வொரு வகையாகக் கொண்டுவந்து வைத்து, கடைசியில் பாத்திரங்களையும் துலக்கி வைத்துவிட்டுப் போகிறார். 1958-ல் காலின் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ்காரர் மஸ்டீக் என்ற சிறு தீவு ஒன்றை அப்படியே விலைக்கு வாங்கி, இரண்டு ஆண்டுகள் கழித்து இளவரசி மார்கரெட்டின் விவாகத்துக்குச் சீராக அதில் ஒரு மனையைக் கொடுத்தார். இன்று அந்தத் தீவின் மாளிகைகள் சமையல்காரரோடு சேர்த்தே வாடகைக்குக் கிடைக்கின்றன. இதில் குறை காண எனக்கு மனம் இல்லை. வந்தவர் வயிறு எதைக் கேட்கிறது என்று விசாரித்து அறிந்து சமைப்பதைக் காட்டிலும் சிறந்த உபசாரம் வேறு என்ன உண்டு?

ஆனால் ஒருவருக்கென்றே தனி மடைப்பள்ளி, ஒருவருக்கென்றே சமையல்காரர் என்று அவன் வியந்துகொண்டே போனபோது, அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் ஊரில் வெகு காலமாக எழுந்தருளியிருக்கிறாரே என்ற நினைவு எனக்கு வந்தது. கோயில் சாசனங்களைப் படிக்கிறவர்கள் அறிவார்கள்: அங்கே அரிசி வெறும் அரிசியன்று, அமுதுபடி, நெய் நெய்யமுது, தயிர் தயிரமுது, கறி கறியமுது, வெற்றிலைபாக்குக்கூட அடைக்காயமுது. இன்ன கட்டளைக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, இவ்வளவு மிளகு என்று நாழியும் உழக்கும் பிசகாமல் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். கட்டளை ஏற்படுத்தியவருக்கு உரிய பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். விஜயநகர காலத்துச் சாசனங்களில் அது பெரும்பாலும் பிரசாதத்தில் நாலில் ஒன்று. மீதி மூன்று பங்கு கைங்கர்யம் செய்கிறவர்களுக்கும் வந்தவர்களுக்கும் போயிற்று. ஒருவருக்காகவே சமைத்தது ஒருவரோடு நின்றுவிடவில்லை என்பதைக் கல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் இருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

காஞ்சிபுரம் இட்லி என்று நாடெங்கும் ஓட்டல்களில் கிண்ணத்தில் வேகவைத்துக் கொடுக்கிறார்களே, அதற்கும் இந்தக் கோயில் இட்லிக்கும் பெயர் மட்டுமே பொது. பச்சரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவிட்ட மாவில், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் சீரகமும், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, தாராளமாக நெய் எல்லாம் சேர்கின்றன. பூப்பறிக்கிற குடலையைப்போல நீண்டு உருண்ட மூங்கில் கூடையின் உட்புறம் முழுவதும் மந்தாரை இலையைச் செறிவாக அடுக்கி, அதற்குள் மாவை வார்த்து, ஆவியிலே வைத்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேக வேண்டும்; அந்த நேரமெல்லாம் மூங்கிலின் மணமும் இலையின் மணமும் மெல்ல மெல்ல மாவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கூடையைக் கவிழ்த்து இலையை உரிக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த உருளையின் மேனியில், இலையின் நடுநரம்பும் கிளைநரம்புகளும் ஒவ்வொன்றாக, ரேகை பதிந்த உள்ளங்கையைப்போலப் படிந்திருக்கின்றன. வில்லை வில்லையாக அறுத்தால் உள்ளே மிளகு கறுப்புப் பொட்டுகளாகத் தெரிகிறது.

மிளகாய் கிடையாது; அது இந்த இட்லியின் வயதைச் சொல்கிற ஓர் அடையாளம். மிளகாய்க்குத் தாயகம் நம் நாடு அன்று, அமெரிக்கக் கண்டம். 1492-ல் கொலம்பஸ் கால் வைத்தது என் தமக்கை மகன் கடல் பார்த்துச் சாப்பிட்ட அதே தீவுக்கூட்டத்தில்தான். அங்கே இருந்த ஜனங்கள் 'அஹி' என்று சொல்லித் தின்ற அந்தக் காயைப் பற்றி அவர் அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே தம் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில் அது நம் கரைக்கு வந்து சேர, காரத்துக்கு மிளகையே அறிந்திருந்த தமிழன் அதற்கு மிளகு, காய் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி ஒரு பெயர் வைத்துவிட்டு, நாளடைவில் அது இல்லாமல் குழம்பே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டான். வீடுகளில் எல்லாம் புகுந்த அந்தக் காய் இந்தக் குடலைக்குள் மட்டும் புகவில்லை.

அந்தத் தீவுகள் நமக்கு மிளகாயைக் கொடுத்தன. நம்மிடமிருந்து அவை பெற்றுக்கொண்டது எதுவென்று தேடினால் மனம் கனத்துப்போகிறது. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களைக் கப்பலேற்றினார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854-ன் கடைசியில் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், அநேகர் திரும்பவில்லை. பேச்சில் தமிழ் மறைந்துபோயிற்று. ஆனால் மாரியம்மன் அங்கே இன்னும் பூஜை கொள்கிறாள். மல்லியும் சீரகமும் மஞ்சளும் வெந்தயமும் அரைத்துச் சேர்த்த 'கொலொம்போ' என்ற கறி அந்தத் தீவுகளின் சொந்தச் சமையலாகவே ஆகிவிட்டது. நம்முடைய குழம்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று பலர் கருதுகிறார்கள். கொழும்பு நகரத்தோடு அதைத் தொடர்புபடுத்துகிறவர்களும் உண்டு. என் மனம் முதல் அபிப்பிராயத்தின் பக்கமே சாய்கிறது. இன்று அங்குள்ள மாளிகையில் ஒரு சமையல்காரர் கொலொம்போவை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டும்போது, கரும்புக் கொல்லையில் வேலை முடித்து வந்து, கிடைத்ததைக் கொண்டு ஊர்க் குழம்பின் வாசனையைத் திரும்ப வரவழைக்கப் பார்த்த ஏதோ ஒரு தாயின் கையும் அதில் இருக்கிறது.

விருந்துக்கு ஆள் வைத்துச் சமைப்பது நமக்கும் புதிதன்று. கலியாணச் சமையல்காரர் வந்து சாமான் ஜாபிதா எழுதிக் கொடுத்து, கொல்லையில் கோட்டையடுப்பு வெட்டச் சொல்லி, தம் ஆட்களோடு முந்தின நாள் மாலையே வந்து இறங்குகிற காட்சியைப் பார்க்காதவர் யார்? ஆனால் ஊருக்கே சோறிட்ட நினைவுதான் இந்த ஊரில் அதைவிடப் பெரிது. பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசியாற்றினாள் என்று சாத்தனாரின் காவியம் சொல்கிறது. 2019-ல் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவந்து 48 நாள் சேவை சாதித்தபோது, லட்சக்கணக்கில் திரண்ட ஜனங்களுக்கு வீட்டு வாசலில் பானை வைத்து நீர்மோர் கொடுத்தவர்களை நான் என் தெருவிலேயே பார்த்தேன்.

தனி ஒருவருக்காகச் சமைத்த சமையல் ஒன்றும் இந்த ஊர்ச் சரித்திரத்தில் மறக்க முடியாதபடி நின்றிருக்கிறது. வரதனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கர்யம் செய்த திருக்கச்சி நம்பியிடத்தில் அப்போது இளையாழ்வார் என்ற பெயரோடு இருந்த ராமானுஜர் கொண்ட பக்தி அளவற்றது. வைசியரான நம்பியைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அவர் அமுது செய்த மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு, மனைவி தஞ்சமாம்பாளிடம் தளிகை செய்யச் சொல்லிவிட்டு அவரை அழைத்துவரப் போனார். நம்பியோ வேறு வழியாக வந்து, கோயிலுக்கு நேரமாகிறது என்று சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ராமானுஜர் திரும்பி வந்தபோது, மிச்சத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகி, ஸ்நானம் செய்து, கணவருக்காகப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். குருபரம்பரைக் கதைகளில் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மெழுகிய தரை என் கண்முன் வந்து நிற்கிறது. அறுசுவையும் சரியாக இருந்திருக்கும். ஒருவர் உண்டதை மற்றவர் உண்பது என்ற ஒன்றுதான் அங்கே நடக்காமல் போய்விட்டது.

நாங்கள் சேவித்துவிட்டு இறங்கி வருகையில், முறை முடித்து வெளியே வந்த முதிய பரிசாரகர் ஒருவர் மண்டபப் படியில் உட்கார்ந்து முகத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை எனக்குப் பல வருஷப் பழக்கம். "ஸ்வாமி, ருசி பாராமல் உப்பு அளவு எப்படித் தெரிகிறது என்று இவன் கேட்கிறான்" என்றேன்.

"அடியேனுக்கு எதுக்குத் தெரியணும்? எங்க அப்பா அளந்த படி இருக்கு, அதிலேதான் அடியேனும் அளக்கறேன்" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஜுரம் வந்தா நாக்கு ஒண்ணு சொல்லும், பசியிலே வேற சொல்லும். படி என்னைக்கும் ஒரே மாதிரிதான்" என்றார்.

தமக்கை மகன் பதில் பேசவில்லை. அவன் மனைவி கையில் இருந்த இட்லி வில்லையை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, மிளகு ஒன்று கடிபட்டதனால் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். மந்தாரை இலையில் மடித்த தம் பங்கு பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெரியவர், அதைப் பிரிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"உப்புக் காரம் எல்லாம் சரியா இருக்கா, குழந்தே?"

வாய் நிறைய இட்லியோடு அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் இலையைப் பிரித்தார்.